பதினேழாம் தளம், இருபத்து மூன்றாம் தளம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் பேச்சு சரியாக வராத பிள்ளைகளுக்குப் பேச்சு வரவைக்கும் வேலையைப் பதினொரு வருடம் செய்தவள் கொரின் வெட்டர். சட்டப்படி அவள் அதைச் செய்யவில்லை. சட்டப்படி அதைச் செய்தவர், மாநிலத் தலைநகர் பிஸ்மார்க்கிலிருந்து மாதம் ஒருமுறை காரில் வந்து, கோப்புகளில் கையெழுத்துப் போட்டு, கடைத்தெருவில் நெஃப்லா என்னும் மாவுருண்டை சூப் குடித்துவிட்டுத் திரும்பிப்போகும் ஒரு பேச்சு சிகிச்சையாளர். கொரின் வெறும் உதவியாளர். அந்த அம்மாள் ஓய்வுபெற்ற அன்று கையெழுத்து நின்றது. கையெழுத்து நின்றதும், பதினொரு வருடமாகக் கொரின் செய்துவந்தது எதுவோ அது இனிமேல் செய்தால் குற்றம் என்று மாநில அரசின் கடிதம் வந்தது.

கடிதத்தைப் பிரித்தது நான்தான். ப்ரெஸ்லர் பள்ளியின் முன் மேசையில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கட்டடத்துக்குள் நுழையும் எந்தக் காகிதமும் என் கை படாமல் போனதில்லை.

பள்ளி நிர்வாகி ஹார்லன் கெஸல் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"முதுகலைப் பட்டம் வாங்கிடு கொரின். வேலை என்னவோ அதேதான். ஆனா நீ செஞ்சா அது உன் வேலையாயிரும்."

"நேர்ல போய்ப் படிக்கறதுன்னா போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம் ஹார்லன். மாட்டையும் கேலனையும் யாரு பாக்கறது?"

"மாட்டைக் கேலன் பாத்துக்குவான்."

"கேலனை?"

கேலன் அவள் கணவன். ஹார்லன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அதனால் கொரின் லாரல்மீட் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்பில் சேர்ந்தாள்.

சேரும்வரை அவர்கள் அவளை விடவில்லை. சேர்க்கை ஆலோசகன் ஒருவன் ஒரே வாரத்தில் ஒன்பது முறை கூப்பிட்டான். அவள் கறவையில் இருந்தாலும் கூப்பிட்டான், தேவாலயத்தில் இருந்தாலும் கூப்பிட்டான். 'உங்கள் குரல், உங்கள் ஊரிலேயே' என்று அட்டை போட்ட ஒரு சிற்றேடு வந்தது. உள்ளே, 'களப்பயிற்சிக்கான இடத்தை உங்கள் பக்கத்திலேயே நாங்கள் கண்டுபிடித்துத் தருவோம்' என்று இருந்தது. அந்த வரியின் முடிவில் கடுகளவு ஒரு நட்சத்திரக் குறி. கடைசிப் பக்கத்தில் அதற்கு விளக்கம் இருந்ததை நாங்கள் இரண்டு வருடம் கழித்துத்தான் பார்த்தோம்: 'கண்டுபிடித்தல் என்னும் சொல் தேடுதலையும் குறிக்கும்.'

அவள் கையெழுத்துப் போட்ட மறுநாளிலிருந்து அந்த ஆலோசகன் கூப்பிடவே இல்லை.

அவர்களைக் கூப்பிடலாம் என்றால் தொலைபேசியை ஒரு இயந்திரம் எடுக்கும். 'உங்களுக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள்' என்னும். கொரின் தெளிவாகத்தான் சொன்னாள். தெளிவாகச் சொல்வதுதானே அவள் தொழில். 'களப்பயிற்சி' என்று அவள் எத்தனை விதமாகச் சொன்னாலும் அது வாகன நிறுத்தப் பிரிவுக்கே இணைப்புக் கொடுத்தது. வாகன நிறுத்தப் பிரிவில் ஒரு நல்ல மனிதர் இருந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தில் தொலைபேசியைக் கையால் எடுத்த ஒரே மனிதர் அவர்தான்.

"பேச்சுத் துறையாம்மா? அந்தத் துறையில எல்லாரும் என்கிட்டதான் வருவாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது. கார் எங்கயாவது நிறுத்தணும்னா சொல்லுங்க."

முதல் வருடத்திலேயே அவள் மேல் ஒரு குற்றச்சாட்டு வந்தது. ஒலிகள் வாயில் எங்கே பிறக்கின்றன என்பது பற்றிய தேர்வு அது. வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எழுதினாள். எழுதுபவரைக் கணினியின் கேமரா கண்காணிக்கும். நாக்கின் நுனி எந்த ஒலிக்கு எங்கே படுகிறது என்று கேட்டிருந்தார்கள். கொரின் சத்தமில்லாமல் அந்த ஒலியைச் சொல்லிப் பார்த்து, நாக்கு போன இடத்தை எழுதினாள். இரண்டு மணி நேரத்தில் இருநூற்றுப் பதினான்கு முறை உதடு அசைந்ததாகக் கேமரா புகார் கொடுத்தது.

தேர்வு முறைகேடுகளை விசாரிக்கும் பல்கலைக்கழக நேர்மைக் கவுன்சில் திரையில் கூடியது. அன்று மதியம் வீட்டு இணையம் நின்றுபோனதால் கொரின் என் மேசையில் உட்கார்ந்து ஆஜரானாள். நான் பக்கத்தில் தபால் பிரித்துக்கொண்டிருந்தேன். கவுன்சில் தலைவர் டாக்டர் ப்ரூஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"தேர்வு நேரத்துல பேசினீங்களா?"

"பேசல சார். நாக்கு எங்க போகுதுன்னு பாத்தேன்."

"அப்ப நாக்கை உதவிக்கு எடுத்துக்கிட்டீங்க. அனுமதிச்ச உபகரணப் பட்டியல்ல நாக்கு இல்லையே."

"வாயைக் கழட்டி வெச்சுட்டா எழுத முடியும் சார்?"

"அது உங்க சொந்த ஏற்பாடு. எங்க விதி எல்லா உறுப்புக்கும் பொது."

அப்போதுதான் துறை இயக்குநர் டாக்டர் மார்செல்லா குவிஸ்ட் குறுக்கே பேசினார். வெள்ளி முடி, நீலச் சால்வை, மெத்தென்ற குரல். "கொரினுக்கு நான் பொறுப்பு" என்றார். "இப்படி ஒருத்தி படிக்கறதுக்காகத்தான் இந்தப் படிப்பே இருக்கு." கவுன்சில் இளகியது. ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். மிச்சமிருந்த ஏழு தேர்வுகளையும் உதடுகளுக்கு நடுவில் ஒரு பென்சிலைக் கவ்விக்கொண்டு எழுதவேண்டும் என்று மட்டும் நிபந்தனை. எழுதினாள். எல்லாவற்றிலும் முதல் வகுப்பு.

அன்று மாலையே டாக்டர் குவிஸ்ட் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். மறுநாள் கொரின் என் மேசைமேல் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

"அழுதாங்க. நிஜமாவே கண்ணு கலங்கிருச்சு. எங்கப்பா திக்கித் திக்கிப் பேசினதைச் சொன்னேன். அதுக்கு அழுதாங்க."

"உங்கப்பா திக்குவாரா? எனக்கே தெரியாதே."

"அவர் பேசினாத்தானே தெரியும்" என்றாள்.

இத்தனை வருடம் பக்கத்தில் இருந்த எனக்குச் சொல்லாததைத் திரையில் வந்த ஒரு நீலச் சால்வையிடம் சொல்லிவிட்டாள். அதை நான் அப்போது குறையாக நினைக்கவில்லை. சந்தோஷப்பட்டேன்.

பாடங்கள் முடிந்தன. அடுத்தது நானூறு மணி நேரக் களப்பயிற்சி. பல்கலைக்கழகம் தேடியது. ஆறு மாதம் தேடியது. கடைசியில் கொரினே கண்டுபிடித்தாள். தொண்ணூறு மைல் தள்ளி ஒரு மருத்துவமனையில் ரூத் ட்வெய்டன் என்ற சிகிச்சையாளர், வாரம் இரண்டு நாள் வா, என் கூடவே நின்று கற்றுக்கொள் என்றார். பல்கலைக்கழகம் மகிழ்ச்சி தெரிவித்து நாற்பத்தாறு பக்க ஒப்பந்தம் ஒன்றை அனுப்பியது. மருத்துவமனையின் வக்கீல் ஒரே ஒரு சொல்லை, 'செய்யும்' என்பதைச் 'செய்யலாம்' என்று மாற்றக் கேட்டார். பல்கலைக்கழகத்தின் வக்கீல்கள் அந்தச் சொல்லைப் பதினான்கு மாதம் பரிசீலித்தார்கள். 'செய்யலாம்' என்று அவர்கள் சம்மதித்த வாரத்தில் ரூத் ட்வெய்டன் ஓய்வுபெற்று அரிசோனாவுக்குப் போய்விட்டிருந்தார்.

இப்படி இடம் கிடைக்காமல் நாடு முழுக்க இருநூறு மாணவர்கள் காத்திருப்பது தெரிந்து டாக்டர் குவிஸ்ட் ஒரு தீர்வு கண்டார். அதை அறிவித்த உரையைக் கொரின் எனக்குப் போட்டுக் காட்டினாள்.

"நம்ம மாணவர்கள் பயிற்சிக்கு இடம் கிடைக்கலன்னு கவலைப்படறாங்க. கிராமத்துப் பள்ளிகள் சிகிச்சைக்கு ஆள் கிடைக்கலன்னு கவலைப்படறாங்க. ரெண்டு கவலையும் நம்ம வாசலுக்குத்தான் வருது. நான் யோசிச்சேன். இந்த ரெண்டு கவலையையும் ஒண்ணோட ஒண்ணு கட்டிவிட்டா, அதுக்கப்புறம் ரெண்டும் நம்மகிட்ட வராதே! தூரம் நமக்குத் தடையில்ல நண்பர்களே. தூரம்தான் நம்ம சிகிச்சை."

எல்லோரும் கைதட்டும் படங்கள் திரையில் மிதந்தன.

திட்டம் இதுதான். மாணவர்கள் வீட்டிலோ வேலையிடத்திலோ இருந்தபடி, திரை வழியாக, எங்கோ இருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிகிச்சை கொடுப்பார்கள். பள்ளிகளுக்குத் தளம் என்று பெயர். மேற்பார்வைக்கு ஒரு பேராசிரியர் நாற்பது சிறு கட்டங்களை ஒரே திரையில் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் ஒரு கட்டத்தைப் பார்த்துத் தலையசைத்தால் நாற்பது பேரும் தமக்கென்று எடுத்துக்கொள்வார்கள். ஹார்லன் கெஸல் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். எங்கள் பள்ளி இருபத்து மூன்றாம் தளம் ஆனது.

கொரின் துள்ளிக் குதிக்காத குறை. "நம்ம பிள்ளைங்களுக்கு நானே பாக்கலாம்ல?" என்று எழுதிக் கேட்டாள். பதில் ஒரே நாளில் வந்தது. அவ்வளவு வேகமாக வந்த பதில் அது ஒன்றுதான். மாணவர் தாம் வேலை செய்யும் இடத்தில் பயிற்சி பெறக் கூடாது. பிள்ளைகளுடன் முன்பே பரிச்சயம் இருந்தால் அவர்கள் எதனால் குணமானார்கள் என்பது குழம்பிப்போகும். அவளுக்குப் பதினேழாம் தளத்தை ஒதுக்கியிருந்தார்கள். அது ஜார்ஜியா மாநிலத்தின் கடலோரத்தில், மெர்சி பாயிண்ட் என்ற தீவுப் பள்ளி.

முதல் திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் பேச்சு அறையில் திரையை நான்தான் பொருத்தினேன். எங்கள் பள்ளிச் சிறுமி ஆனிகா காதில் பெரிய கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எட்டு வயது. அவளுக்குத் திக்கல் இருந்தது. சொல் தொண்டையில் வந்து நிற்கும், நின்று பிறகு வரும். பக்கத்தில் கொரின் உதவியாளர் நாற்காலியில். இருபத்து மூன்றாம் தளத்தின் சிகிச்சையாளராகத் திரையில் வந்தவள் ஒடெஸா க்ரோவ்னர் என்ற மாணவி. அகன்ற முகம், மஞ்சள் ரவிக்கை, பின்னால் ஜன்னலில் ஒரு பனைமரம்.

பத்து மணிக்கு அந்த நேரம் முடிந்தது. கொரின் உதவியாளர் நாற்காலியிலிருந்து எழுந்து, சிகிச்சையாளர் நாற்காலிக்கு நகர்ந்து, பதினேழாம் தளத்தை இணைத்தாள். திரையில் ஆறு வயதுப் பையன் ஒருவன் வந்தான். பெயர் மலக்காய். அவன் பக்கத்தில், உதவியாளர் நாற்காலியில், அதே மஞ்சள் ரவிக்கை, அதே பனைமரம்.

இருவரும் திரைக்கு அருகில் குனிந்து ஒருவரையொருவர் உற்றுப் பார்த்தார்கள்.

"ஒரு நிமிஷம் கண்ணு" என்றாள் ஒடெஸா. "போன மணி நேரம் நான் டாக்டரம்மா, நீ எடுபிடி. இப்ப நீ டாக்டரம்மா, நான் எடுபிடி. சரிதானா?"

"அப்படித்தான் போலருக்கு."

"இந்தப் பயலுக்கு நான் மூக்குத் துடைச்சுவிட ஆரம்பிச்சு மூணு வருசமாச்சு. அவனுக்கு நீ அங்க பனிக்குள்ள குந்திக்கிட்டு வைத்தியம் பாக்கப் போற. உன் புள்ளைக்கு நான் இங்க கொசுக்கடியில குந்திக்கிட்டு."

"விதின்னு சொன்னாங்க."

"விதியேதான். தலைவிதி."

கொரின் சிரித்து நான் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது.

மலக்காய்க்கு முதல் வேலையாகப் பல்கலைக்கழகத்தின் தானியங்கிப் பரிசோதனை வைத்தார்கள். அவன் இருபது வாக்கியம் சொன்னான். பதினாறைத் தவறு என்று திரை சிவப்பாக்கியது. கொரின் பதறிப்போனாள். ஒடெஸா பதறவில்லை.

"அவங்கம்மா அப்பிடித்தான் பேசுவா. எங்க பாதிரியாரும் அப்பிடித்தான் பேசுவாரு. எங்க தீவே நோயாளின்னு எழுதப் போறியா?"

"அப்ப அவனுக்கு என்னதான் குறை?"

"'க' வர்ற எடத்துல 'த' வருது. அது ஒண்ணுதான். அதை உன் மிசினு பச்சையில போட்டிருக்கு பாரு."

பார்த்தாள். பச்சைதான்.

அதைச் சரிசெய்ய அவன் வாய்க்குள் நாக்கு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். ஆயிரத்து எண்ணூறு மைலுக்கு அப்பாலிருந்து கொரினுக்குத் தெரிந்ததெல்லாம் அவனுடைய முன்பற்கள் இரண்டும், சிலசமயம் அந்த அறையின் கூரையும்.

ஆனிகாவின் பாடு இதைவிட மோசம். பல்கலைக்கழகத்தின் மென்பொருள் மூன்று விநாடி மௌனத்தைத்தான் தாங்கும். நான்காவது விநாடியில், 'பேசுபவர் வெளியேறிவிட்டார். நன்றி!' என்று எழுதி, ஒரு கை டாட்டா காட்டும் படத்தைப் போட்டு, இணைப்பைத் துண்டிக்கும். திக்கும் பிள்ளைக்குச் சிகிச்சை என்று கொரின் பதினொரு வருடம் செய்ததில் முக்கால் பங்கு காத்திருப்பதுதான். அவள் முகம் சுளிக்காமல், சொல்லை எடுத்துக் கொடுக்காமல், கடிகாரத்தைப் பார்க்காமல் காத்திருப்பாள். அந்த இயந்திரம் முதல் நாளே பதினான்கு முறை ஆனிகாவுக்கு டாட்டா காட்டியது. மூன்றாவது வாரம் ஆனிகாவும் திருப்பி டாட்டா காட்டிவிட்டு எழுந்துபோகப் பழகிக்கொண்டாள். ஐந்தாவது வாரம் வகுப்பில் பேசுவதை நிறுத்தினாள். ஏழாவது வாரம் அவளுடைய அம்மா யான்னா என் மேசைக்கு வந்தாள்.

"வீட்டுலயும் கைய ஆட்டிட்டுப் போயிடறா. வார்த்தை வரலன்னா உடனே டாட்டா. அவங்கப்பா விளையாட்டுன்னு நெனச்சாரு. இது விளையாட்டில்ல, இல்லையா?"

நான் கொரினைக் கூப்பிட்டேன். அவள் வந்து நின்று கேட்டாள்.

டாக்டர் குவிஸ்டின் துறைக்கு அவள் இதை எழுதினாள். மௌனம் கல்வி நேரத்தை வீணாக்குவதாக ஆய்வுகள் சொல்கின்றன என்று பதில் வந்தது. வாகன நிறுத்தப் பிரிவு மனிதர் மட்டும், "அடப் பாவமே" என்றாராம்.

அடுத்த திங்கள் ஒன்பது மணிக்கு ஒடெஸா திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுவந்தாள்.

"கொரின், இந்தக் குழந்தை என்கிட்ட பேச மாட்டா. நான் ஒரு பெட்டி. பெட்டிகிட்ட எவ பேசுவா? நீ அவளுக்கு நேரா உக்காரு. நான் இங்க வாயை மூடாம பைபிள் படிச்சுக்கிட்டிருக்கேன், மிசினு மௌனம்னு நெனைக்காது. பத்து மணிக்கு நீ அங்க ஏதாச்சும் படி. நான் மலக்காய் வாயில டார்ச்சு அடிச்சுப் பாக்கறேன்."

"அது விதிக்கு விரோதம் ஒடெஸா."

"உன் புள்ளை ஊமையாகறது எந்த விதில இருக்கு?"

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒன்பது மணிக்கு ஜார்ஜியாவிலிருந்து ஒடெஸா படிக்கும் பைபிள் சங்கீதங்கள் குறைந்த சத்தத்தில் கேட்கும். கொரின் ஆனிகாவுக்கு எதிரில் முழங்கால் தொட உட்கார்ந்திருப்பாள். பத்து மணிக்கு, கொரின் கால்நடைத் தீவனப் பட்டியலைத் திரையைப் பார்த்து உரக்கப் படிப்பாள். அங்கே ஒடெஸா வேலை செய்வாள். மேற்பார்வைப் பேராசிரியர் தன் நாற்பது கட்டங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

டிசம்பருக்குள் ஆனிகா கையாட்டுவதை நிறுத்தினாள். பிப்ரவரியில் ஒருநாள், தன் கன்றுக்குட்டி பிறந்த கதையை முழுசாகச் சொன்னாள். இரண்டு கால் முதலில் வந்ததும், அப்பா சறுக்கி விழுந்ததும், கன்று அவர்மேலேயே விழுந்ததும். திக்கினாள், நிறையத் திக்கினாள். ஆனால் நிறுத்தவில்லை. ஓரிடத்தில் தன் திக்கலுக்கு நடுவிலேயே சிரிப்பு வந்து, அதையும் சிரித்து முடித்துவிட்டுச் சொல்லை எடுத்துக்கொண்டாள். ஆறு நிமிடம். யான்னாவின் அனுமதியோடு கொரின் அதைப் படம்பிடித்தாள். அனுமதித் தாளை என் முன்னால்தான் யான்னா எழுதினாள்: 'கொரினுடைய ஆசிரியர் பார்ப்பதற்கு மட்டும்.'

"டாக்டர் குவிஸ்ட்டுக்கு எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்" என்றாள் கொரின் அடுத்த திங்கள். பேச்சு அறை அச்சுப்பொறிக்கு நான் மை மாற்றப் போனபோது கேட்ட பேச்சு இது.

ஒடெஸா திரையில் தலையை ஆட்டினாள். "வேணாம் கண்ணு. மணிக்கணக்கு முடிய இன்னும் ஏழே வாரம். பட்டத்தைக் கையில வாங்கு, அப்புறம் கத்து."

"நாம செய்யறது சரின்னா எதுக்கு ஒளிக்கணும்? அடுத்த வருஷம் வர்றவங்களும் இப்படியே ஒளிச்சு ஒளிச்சா செய்யணும்?"

"ஆபீசு நாற்காலில இருக்கறவகிட்ட மனசத் தொறக்காத. அவ நல்லவளாவே இருக்கட்டும். நாற்காலி நல்லதில்ல."

"மார்செல்லா அப்படியில்ல. எனக்காக அழுதிருக்காங்க."

ஒடெஸா நான்கு விநாடி பேசவில்லை. இயந்திரம் அவளுக்கு டாட்டா காட்டி இணைப்பைத் துண்டித்தது.

கொரின் சொல்லிவிட்டாள். டாக்டர் குவிஸ்ட் படத்தைப் பார்த்து மறுபடியும் அழுதார். "இந்தத் துறையோட இதயமே நீதான்" என்றார். "இதை அப்படியே எழுத்துல குடு கொரின். எந்தத் தேதியில என்ன செஞ்சீங்க, ஒடெஸா என்ன செஞ்சா, எல்லாம். உனக்காக நான் போராடணும்னா என் கையில ஏதாவது இருக்கணும்ல?"

கொரின் ஒன்பது பக்கம் எழுதினாள். எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தது நான்.

பத்து நாளில் நேர்மைக் கவுன்சிலிலிருந்து அழைப்பு வந்தது. இருவருக்கும். குற்றம்: 'ஒருவர் பெயரில் மற்றொருவர், தம் சொந்த ஊர்ப் பிள்ளைக்கு, நேரில், சிகிச்சை அளித்தது.' சாட்சியம் ஒன்று: கொரினின் ஒன்பது பக்கம்.

அன்று அவள் பக்கத்தில் நான் தபால் பிரிக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். டாக்டர் ப்ரூஸ்டர் குற்றத்தை வாசித்தார். பிள்ளைகளுக்கு முன்னேற்றம் இருந்ததா என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

"இருந்திருக்கு" என்றார் ப்ரூஸ்டர். "அதுதான் கவலைக்குரிய விஷயம். விதியை மீறி வந்த முன்னேற்றத்தை நாம ஏத்துக்கிட்டா, விதிப்படி வராத முன்னேற்றத்துக்கு என்ன பதில் சொல்றது?"

பிறகு டாக்டர் குவிஸ்டைப் பேச அழைத்தார்கள். அதே நீலச் சால்வை. கண்கள் அப்போதும் கலங்கித்தான் இருந்தன.

"கொரின் என்னை நம்பிச் சொன்னா. ஒரு ஆசிரியருக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அந்த நம்பிக்கையை நான் ரொம்ப மதிக்கறேன். அதனாலதான் அவ எழுதினதுல ஒரு வார்த்தைகூட விடாம கவுன்சில்கிட்ட கொடுத்திருக்கேன். கேட்கறதுதான் நம்ம தொழிலோட உயிர். நான் கேட்டேன். குறிப்பெடுத்தேன்."

கொரினுக்கு ஒதுக்கிய இரண்டு நிமிடத்தில் அவள் சொன்னது ஒன்றே ஒன்று. "ஒடெஸாவை விட்டுடுங்க. எழுதினது நான்."

"நீங்க எழுதினதுனாலதான் அவங்களை விட முடியல" என்றார் ப்ரூஸ்டர், பரிவோடு.

ஒடெஸாவின் முறை வந்தது. அவள் பனைமரத்துக்கு முன்னால் அசையாமல் இருந்தாள்.

"எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல. எனக்காகப் பேச வேண்டியதெல்லாம் கொரின் எழுதிக் குடுத்துட்டா."

அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கொரின் திரையைத் தொடப் போனாள், விரல் கண்ணாடியில் பட்டது, எடுத்துக்கொண்டாள்.

இருவரின் மணிநேரங்களும் செல்லாது, இருவரும் படிப்பிலிருந்து நீக்கம் என்று தீர்ப்பு வந்தது. இணைப்பு அறுந்ததும், 'இன்றைய விசாரணை உங்களுக்கு எந்த அளவுக்குத் திருப்தி அளித்தது?' என்று கேட்டு ஐந்து நட்சத்திரங்கள் வந்து நின்றன. கொரின் என்னைப் பார்த்தாள். நான் கணினியை அணைத்தேன்.

ஒடெஸாவை அவள் தினமும் கூப்பிட்டுப் பார்த்தாள். எடுக்கவில்லை. ஏப்ரலில் ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது: 'மலக்காய்க்கு க வந்துருச்சு. உனக்குத் தெரியணும்னு தோணிச்சு. மத்தபடி கோவம் அப்படியேதான் இருக்கு.'

கொரின் அதை எனக்குக் காட்டினாள். "நல்ல சேதிதான்" என்றேன். "மோசமில்ல" என்றாள். எங்கள் ஊரில் மனசு உடைந்தவர்களும் அதைத்தான் சொல்வார்கள்.

மே மாதம் டாக்டர் குவிஸ்டின் துறைக்கு ஒரு விருது கிடைத்தது. எண்ணூறு பேர் கூடிய மாநாட்டில் அவர் பேசியதைப் பல்கலைக்கழகம் இணையத்தில் போட்டது. மைனாட் நகரில் இருக்கும் யான்னாவின் நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு அனுப்பினாள். யான்னா அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். அந்தப் பெண் கத்திப் பேசி நான் கேட்டதில்லை, அன்றும் கத்தவில்லை.

"இது என்னன்னு பாரு."

பார்த்தேன். மேடையில் நீலச் சால்வை. பின்னால் பெரிய திரையில் ஆனிகா. 'சிகிச்சை: ஆயிரத்து எண்ணூறு மைல் தொலைவிலிருந்து' என்று கீழே எழுதியிருந்தது. கொரினை வெட்டியிருந்தார்கள், ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் மிச்சம். ஆனிகா கன்றுக்குட்டி கதையைச் சொன்னாள். ஆறு நிமிடக் கதை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அவள் நின்ற இடங்களையெல்லாம் வெட்டி ஒட்டியிருந்தார்கள். அந்தச் சிரிப்பும் போயிருந்தது. சொற்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஓட, எங்கள் ஆனிகா தடங்கலே இல்லாமல் பேசினாள். எண்ணூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"ஆசிரியர் பார்க்க மட்டும்னு எழுதிக் குடுத்தேனே" என்றாள் யான்னா.

கொரின் கதவருகில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று எனக்குத் தெரியாது.

"ஆசிரியருக்கு மட்டும்தான் அனுப்பினேன் யான்னா."

"தெரியும். நீ மோசக்காரியில்லன்னு எனக்குத் தெரியும். ஆனா அவ உன்கிட்டதானே பேசினா? உன்னை நம்பித்தானே நான் கையெழுத்துப் போட்டேன்?"

யான்னா போன பிறகு கொரின் பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசி போட்டாள். தெளிவாகச் சொல்லும்படி இயந்திரம் கேட்டது. "படத்தை எடுங்க" என்று பதினொரு முறை சொன்னாள். வாகன நிறுத்தப் பிரிவு வந்தது. அந்த மனிதர் பெயரையும் விவரத்தையும் எழுதி வைத்துக்கொண்டார். தான் நேரில் போய்ச் சொல்வதாகச் சொன்னார். அவர் போயிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். படம் இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது.

ஹார்லன் திரைத் திட்டத்தை இன்னும் இரண்டு வருடத்துக்குப் புதுப்பித்தார். விருது வாங்கிய திட்டத்தை எப்படி வேண்டாம் என்பது என்று என்னிடம் கேட்டார். காதுக் கருவிகளை மாட்டிவிடும் வேலையில் கொரின் தொடரலாம் என்றார். அவள் மறுத்துவிட்டு, தானியக் கிடங்கு அலுவலகத்தில் வேலைக்குச் சொல்லிவைத்தாள்.

அந்தப் பள்ளி ஆண்டின் கடைசி நாளில் அவள் பேச்சு அறையைக் காலி செய்தாள். படச் சீட்டுகள், நாக்குப் படம் போட்ட அட்டைகள், ஒரு சிறு கண்ணாடி. நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கதவில் ஆனிகா வந்து நின்றாள். கையில் புத்தகப்பை. வீட்டில் படத்தைப் பார்த்திருக்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

அவள் பேச ஆரம்பித்தாள்.

"அ... அ... அந்தப் ப..." நின்றாள். தொண்டை அசைந்தது. கண்களை இறுக்கிக்கொண்டாள். மறுபடி தொடங்கினாள். அவள் என்ன கேட்கப்போகிறாள் என்பது முதல் எழுத்திலேயே எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது. கொரின் அந்த வாக்கியத்தை அவளுக்காக முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. அவள் கீழே அமர்ந்து, ஆனிகாவின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டு, காத்திருந்தாள். பதினொரு வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அவள் அப்படிக் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு பிள்ளை வாக்கியத்தை முடிக்காமல் இருந்துவிட்டால் நன்றாயிருக்கும் என்று அவள் ஏங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

"...படத்தை நீங்கதான் கு... குடுத்தீங்களா?"

"ஆமா" என்றாள் கொரின்.

ஆனிகா அதை யோசித்தாள். அவசரப்படவில்லை.

"அதுல பே... பேசறது நான் இல்ல" என்றாள். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.